மாமா பேசிய மூன்று வருஷம்

என் மாமனார் பேசிக் கேட்க வேண்டுமென்றால் அவர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று என் கணவர் சொல்வார். "திருப்பதி ரெண்டு" என்பார் மாமா. பல நாள் அதுதான் அவருடைய மொத்தப் பேச்சு.

நான் புத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யாருக்கும் எதுவும் விட்டுப்போகாது. அங்கிருந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? முதல் மாதமே மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். சோறு போட்டால் சாப்பிடுவார். போதுமென்றால் இலையைக் கையால் மறிப்பார். குழம்பு எப்படி இருக்கிறது மாமா என்று நானாகப் பேச்சுக் கொடுத்தால் தலையை ஆட்டுவார், அது எந்தப் பக்கம் ஆடியது என்று கண்டுபிடிக்க முடியாது. அத்தையிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒன்னப் புடிச்சாலும் அப்படித்தாம்மா, புடிக்காட்டியும் அப்படித்தான். என்னாண்டயே பேசாத மனுசன்" என்றார்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் பார்த்து ரிடையர் ஆனவர் மாமா. சீசன் ஓடும்போது அந்த ஷெட்டுக்குள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காதாம். நெருப்பைக் கூட்டு, தண்ணீர் விடு, நீ போய்ச் சாப்பிடு, எல்லாமே கை ஜாடைதான். அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பரிந்து பேசுவார்கள். அத்தை அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். பாய்லரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் ஊமைக்கோட்டான்தான் என்பது அத்தையின் தீர்ப்பு. எதைக் கேட்டாலும் மாமா "ஆவட்டும்" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். சரி என்பதற்கும் அதுதான், முடியாது என்பதற்கும் அதுதான். எது என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சில்லையே தவிர, செய்வதில் ஒரு குறை சொல்ல முடியாது. என் கணவர் திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதியாக இளைத்துவிட்டாராம். மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா டிபன் கேரியரோடு பஸ் ஏறியிருக்கிறார். ஷிஃப்ட் முடித்து நேராக வருகிற நாட்களில் சட்டையெல்லாம் மாங்கூழ் வாசனை அடிக்குமாம். மகன் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பார், கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். "நைனா ஒரு மணி நேரம் இருப்பாரு. 'உப்பு போதுமா'ன்னு கேப்பாரு. அவ்ளோதான்" என்பார் என் கணவர்.

அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது நாற்பது நாள் லீவு போட்டுவிட்டுச் சமையல் செய்தவர் மாமா. அத்தையின் புடவைகளை அவரே துவைத்து, மொட்டைமாடியில் சுருக்கம் இல்லாமல் இழுத்து, கிளிப் போட்டுக் காயவைப்பாராம். எதிர்மாடியிலிருந்து ஒருவர், வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். "நான் கீறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை உதறினாராம். இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. மாமா சொல்லவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். பாப்பா அழகு, சமர்த்து, அழுகைகூடக் குறைவு. ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மாமாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பாய்லர் ஜாடையில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள். கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர், உள்ளங்கையைக் கவிழ்த்தால் தூங்கு. பாப்பா அத்தனையும் புரிந்துகொண்டாள். வேறு எந்த வீட்டிலாவது பிறந்திருந்தால் ஆறே மாதத்தில் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் பேசாத பிள்ளைக்குக் காரணம் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே!

கண்டுபிடித்தவரும் அவர்தான். அவளுக்கு ஒன்றரை வயது. ஒரு மத்தியானம் குக்கர் விசில் அடித்தது. நாங்கள் எல்லாரும் திரும்பினோம், பாப்பா திரும்பவில்லை. மாமா எழுந்து போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து அவள் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டார். இன்னொரு முறை போட்டார். மூன்றாவது முறை அத்தை உள்ளிருந்து என்ன சத்தம் என்று ஓடிவந்தார். பாப்பா பொம்மையின் காலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குக் காது கேக்கல" என்றார் மாமா. பாய்லர் ஷெட்டில் காது போன ஒருவர் கூடவே வேலை செய்தாராம். அவர் எல்லார் முகத்தையும் இப்படித்தான் மாறி மாறிப் பார்ப்பாராம். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். "எல்லாரும் தாத்தா மாதிரின்னு சொல்லும்போது எனக்குப் பெருமையா இருந்துச்சும்மா. அதான் பாக்காம உட்டுட்டேன்" என்றார். கல்யாணம் ஆகி நான்கு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அவளுக்கு இரண்டு வயதானபோது திருப்பதியில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு ஒயர், தலையில் காந்தம்போல் ஒட்டிக்கொள்ளும் வட்டமான வில்லை. அதை மாட்டினால் கேட்கும், கழற்றினால் ஒன்றும் இல்லை. மெஷினைப் போட்டதும் பிள்ளை பேசிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தார். ஆபரேஷன் காதைக் கொடுத்திருக்கிறது, பேச்சை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நாலு, அஞ்சு வயதுக்குள் கொடுத்தால் உண்டு, அதற்கு மேல் போனால் வருவது கஷ்டம். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் காதருகில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நடப்பது, எடுப்பது, வைப்பது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கூட விடக்கூடாது. ஜாடை கூடவே கூடாது.

அப்புறம் இன்னொன்று சொன்னார். அரை மணி நேரம் எங்கள் பேச்சைக் கவனித்திருக்கிறார். நான் கதவு என்ற அதே கதவை என் கணவர் தலுப்பு என்றிருக்கிறார். மாமா வாயைத் திறந்த ஒரே தடவையும் பருப்பைப் பப்பு என்றிருக்கிறார். ஒரே வாக்கியம் தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் இறங்குகிறது, அது உங்களுக்கே தெரியவில்லை என்றார். எங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சித்தூரில் யாருக்குத்தான் தெரியும்? மற்ற பிள்ளைகள் சமாளித்துக்கொள்ளும், இந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு பாஷை போதும், எது என்று முடிவு பண்ணுங்கள் என்றார்.

பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்குதான் வேண்டும் என்று என் கணவர் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவருக்குச் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். "நாளெல்லாம் கூட இருக்கறவங்க வாய்க்கு எது வருதோ அது. தமிழு" என்றார். அன்று சாயங்காலமே சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். எந்தெந்தப் பொருளுக்கு எந்த ஒரே பெயர் என்று அதில் வரிசையாக இருந்தது. மாமா படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். பருப்பு, கதவு, வெயில் என்று அத்தனை தமிழ் வார்த்தையையும் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தார்.

முதல் வாரம் பார்க்கப் பாவமாக இருந்தது. பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வார், வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. கை மட்டும் தானாக எழும். அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் குளியலறைக்குள் அவர் யாருடனோ பேசுவது கேட்டது. "இது சோப்பு. சோப்பு வழுக்கும். இது பக்கெட்டு. பக்கெட்டுல தண்ணி." குழாயைத் திறந்துவிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் ஓடினேன். அங்கே போனதும் அழுதேன்.

பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள். சட்டை போடுகிறேன், சட்டையில் நாலு பட்டன், ஒரு பட்டன் உடைந்திருக்கிறது, யார் உடைத்தது? பால் வாங்கப் போகிறோம், இது மேடு, இது பள்ளம், அந்த நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கிறது. தெருவில் அவர் போவதைப் பார்த்தவர்கள், பெரியவருக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதிலும் வேடிக்கை, எங்களிடம் அவர் அப்போதும் பேசவில்லை. பாப்பா தூங்கிவிட்டால் ஷிஃப்ட் முடிந்த ஆள்போல வாயை மூடிக்கொள்வார்.

வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குத் திருப்பதி போக வேண்டும். வேலூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறுவோம். ஏறியது முதல் இறங்கும் வரை மாமாவின் பேச்சு ஓயாது. ஒருமுறை முன் சீட்டில் மொட்டை போட்டுக்கொள்ளப் போகிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூதலப்பட்டு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சும்மா வாங்களேன், தூங்க வேண்டும் என்றார். மாமா கோபப்படவில்லை. "ரெண்டு வருஷம் இந்தப் பாப்பா காதுல ஒரு சத்தமும் உழலீங்க. அத நான் பேசித்தான் ஈடு கட்டணும். பின்னாடி சீட்டு காலியாத்தான் கீது" என்றார். பெரியவர் எழுந்து போகவில்லை. சந்திரகிரி வந்தபோது கோட்டையைக் காட்டி அவரே பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் சொல்லித் தீர்ந்துபோன ஒருநாள் மாமா பழைய கதைக்குப் போனார். நானும் அத்தையும் சமையலறையில் இருந்தோம். கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"நான் பொண்ணு பாக்கக் குடிபாலா பக்கம் போனேன் பாப்பா. ஒங்க ஆயா வெளிய நின்னு ஒரு எருமையத் திட்டிக்கினு இருந்தா. எருமையும் நின்னு கேட்டுக்கினு இருந்துச்சு. நானும் நின்னு கேட்டேன். இவ பேசுனா போதும், நமக்குப் பேச்சே வேணாம்னு நெனச்சேன்."

அத்தை கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கடுகு தீய்ந்து கருகியது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அத்தைக்கு வந்தது கோபம். நாற்பது வருஷமாக இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் மாமாவுக்குச் சாப்பாடு போட வரவில்லை. "இன்னிக்கு அம்மா சோறு போடறா. ஆயா கோவமா இருக்கா" என்று அதையும் பாப்பாவிடம் சொல்லிக்கொண்டே அவர் சாப்பிட்டார்.

ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அவர் உட்காரும் இடம் மாறியது. நாற்காலியைச் சமையலறை வாசலுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். பாப்பா மடியில், முகம் அடுப்புப் பக்கம். மகன் பிறந்த அன்று மழையில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனது, அத்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது தியேட்டர் வாசலில் பயத்தில் வாந்தி எடுத்தது, எல்லாம் வெளியே வந்தது. அத்தை உள்ளே இருந்தபடியே, அன்றைக்கு மழையே இல்லை, தாத்தா பொய் சொல்கிறார் என்று பாப்பாவிடம் சொல்வதுபோலப் பதில் கொடுப்பார். நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நாற்பது வருஷத்தைப் பேசிக்கொண்டார்கள். நான் காய் நறுக்குகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

பாப்பாவின் முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. மெஷின் போட்டு எட்டாவது மாதம், கதை சொல்லிக்கொண்டிருந்த மாமா மூச்சு வாங்க நிறுத்தினார். அவர் எப்போதும் "அப்பறம்" என்று சொல்லித்தான் அடுத்ததைத் தொடங்குவார். பாப்பா அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்பம்?" என்றாள். அவருக்கு உதடு துடித்தது. ஆனால் நிறுத்தவில்லை. "அப்பறம்..." என்று தொடர்ந்தார். அழ நேரமில்லை என்பதுபோல இருந்தது. மேடமிடம் சொன்னபோது அவர் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மாமாவுக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. பத்து நாள் பேசவே கூடாது என்றார் டாக்டர். "ஆவட்டும்" என்றார் மாமா. அது எந்த ஆவட்டும் என்று டாக்டருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே ஒண்ணு, ரெண்டு என்று அந்தக் கரகரத்த தொண்டையோடு பாப்பாவுக்குப் படி எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேச நான் இல்லையா, அத்தை இல்லையா, நீங்கள் பத்து நாள் வாயை மூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று தெருவிலேயே கத்திவிட்டேன். மாமனாரிடம் அப்படிப் பேசக்கூடாதுதான். அவர் நின்று முழுவதும் கேட்டார். "நீ பேசும்மா. நானும் பேசறேன். கட்டிப்போன கொரலும் எப்படி இருக்கும்னு அவ கேக்கட்டும்" என்றார்.

பாப்பாவுக்கு நாலு வயது முடிந்தபோது மேடம் ஒரு முழு நாள் பரிசோதனை வைத்து, வயதுக்கு ஏற்ற பேச்சு வந்துவிட்டது, சாதாரணப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கலாம் என்றார். சேர்த்தோம். முதல் மாதமே வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று புகார் வந்தது. அந்தப் புகாரை மாமா என்னை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இனிமேல் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றோம். ஆவட்டும் என்றார். காலையில் பள்ளிக்கூடம் வரை ஒரு கதை, சாயங்காலம் வீடு வரை ஒரு கதை. அதை விடவில்லை.

அவளுக்கு ஐந்து வயது ஆன சில வாரங்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பாப்பா அப்போது வகுப்பில் இருந்தாள்.

மறுநாள் காலை கூடத்தில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் மேளம் அடிக்கத் தொடங்கியதும் பாப்பா திடுக்கிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு சத்தம். பயந்துவிடுவாள் என்று மெஷினைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் போய் மாமாவின் காலருகே உட்கார்ந்தாள். அழுகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அத்தை அதைக் கவனித்துவிட்டார். அழுகை நின்றது. என்னைக் கூப்பிட்டார்.

"மெஷினு எங்கம்மா?"

மேளத்துக்குப் பயப்படுகிறாள் அத்தை, எடுத்துக்கொண்டு போகும்வரைதானே என்றேன். சுற்றியிருந்தவர்களும் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றார்கள்.

"போடு" என்றார் அத்தை. "அந்த மனுசன் மூணு வருஷம் ஒரு நாளு உட்டதில்ல. இன்னிக்கும் உடக்கூடாது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து மெஷினை மாட்டினேன். அத்தை பாப்பாவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு காதருகே வாயைக் கொண்டுபோனார். இது மேளம், தாத்தாவுக்காக அடிக்கிறார்கள். இது சாமந்தி மாலை, ஃபேக்டரி ஆட்கள் வாங்கிவந்தது. அவர் உன் சின்னத் தாத்தா, அண்ணன் போய்விட்டார் என்று அழுகிறார். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"தாத்தா ஏன் ஆயா பேசல?"

தூங்குகிறார் என்று யாரோ ஒரு சித்தி சொல்ல வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"தாத்தா பழையபடி ஆயிட்டாரு கண்ணு. இனிமே நாமதான் பேசணும்."

பாப்பா யோசித்தாள். "அப்போ நீ பேசு" என்றாள்.

அத்தை மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டார். வாசலில் மேளம் இன்னும் பலமாக அடித்தார்கள். அதற்கு மேல் குரலை உயர்த்தி, அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அத்தை பேசினார்.